ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி

புதிதாகப் போர்மேன் பரீட்சை தேறி வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

நான் பார்த்த விபத்துகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எழுத மாட்டேன். அதைப் படித்தால் உங்களுக்கு ராத்தூக்கம் கெடுமே தவிர வேறு பிரயோசனம் இல்லை. பட்டாசு மருந்தில் எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்லப் போவது ஒன்றுமே நடக்காமல் போன ஒரு நாளைப் பற்றி. முப்பது வருஷ வேலையில் என்னைப் போட்டுக் குழப்பியது அந்த நாள்தான். இன்றைக்கும் முழுசாகத் தெளியவில்லை. தெளியட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எனக்கு ஆயுசு காணாது.

எம். புதுப்பட்டி ரோட்டில் இருந்த எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. 'மூஞ்சி பார்க்கிறது' என்று சொல்வோம். காலையில் வேன் வந்து ஆட்களை இறக்கும். கேட்டில் ஒரு மரப்பெட்டி, அதில் ஆளுக்கொரு நம்பர் போட்ட அறை. தீப்பெட்டி, பீடி, போன் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருவர் போனை எடுத்து வைக்கிற அந்த நேரத்துக்குள் நான் அவர் முகத்தைப் பார்த்துவிடுவேன். சரியில்லை என்று பட்டால் ஒரே வார்த்தை: "இன்னைக்குப் பெட்டி ஒட்டப் போ." அன்றைக்கு அவர் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பகுதியில்தான் உட்கார வேண்டும், மருந்துக் கலவைப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது. கூலியில் பிடித்தம் கிடையாது. கேலி கிடையாது. யாரும் எதிர்த்துப் பேசுவதும் கிடையாது.

எனக்கு முகங்கள் அத்துப்படி. முந்தின நாள் குடித்த முகம், பெண்டாட்டியோடு சண்டை போட்ட முகம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விட்டுவிட்டு வந்த முகம், பொங்கல் வைக்கிறேன் என்று ராத்திரி பூராவும் கோயிலில் முழித்த முகம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் அழுதாவது, ஏசியாவது சொல்லிவிடுவார்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. என்னிடம் மூஞ்சியை மறைக்க ஒருத்தனாலும் முடியாது என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

மாரிக்கண்ணன் வந்து அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டான்.

மாரி விஸ்வநத்தத்துக்காரன். அப்போது முப்பத்து நாலு வயது. பதினோரு வருஷமாகக் கலவை ரூமில் நிற்கிறவன். அவன் மருந்தை அள்ளுவதைப் பார்த்தால் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. பையனிடம் ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் என்ன வேலை என்று கேட்பார்கள். பட்டாசு ஆலை என்றால் சரி என்பார்கள். உள்ளே என்ன வேலை என்பார்கள். மருந்து கலக்குகிறேன் என்றதும் காப்பி வராது. அப்படி ஏழு வீடு.

ஒரு தீபாவளிச் சீசனுக்கு முந்தி அவன் முகம் மாறத் தொடங்கியது. திங்கட்கிழமை பூரித்துப் போய் வருவான், காரணமே இல்லாமல் சிரிப்பான். செவ்வாய்க்கிழமை பார்த்தால் எழவு வீட்டிலிருந்து நேரே வந்தவன் மாதிரி இருப்பான். புதன்கிழமை மறுபடியும் சிரிப்பு. குடியா என்று பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன், இல்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டுல ஒரு கொறையும் இல்லையே, நல்லாத்தான இருக்கான். ஏன் அண்ணாச்சி கேக்கீக?" என்று அந்த அம்மா பதறிவிட்டார்.

ஒரு நாள் கேட்டில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான். எனக்கு அதுவும் சரியாகப் படவில்லை.

"மாரி, பெட்டி ஒட்டப் போ."

"அண்ணாச்சி, நான் நல்லாத்தான இருக்கேன்."

"அதாம்லே சொல்றேன். ரொம்ப நல்லா இருக்க. போ."

"சிரிச்சாக் கூடவா தப்பு?" என்று முறைத்துவிட்டுப் போனான். அந்த வழக்கத்தில் என்னை எதிர்த்து ஒருத்தன் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் கேட்டது நியாயம்தானே என்று அன்று பூராவும் எனக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் அவன் முகம் செத்துப்போய் வந்தது. பெட்டி ஒட்ட அனுப்பினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னலே நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. பொம்பளப்புள்ள சமாச்சாரமா?"

தலையாட்டினான். எனக்கு நிம்மதியாகிவிட்டது. தெரிந்த வியாதிதான், மருந்து சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு புள்ள? எந்த ஊரு?"

"மதுரப் பக்கம்னு போட்டுருக்கா. சரியாத் தெரியல."

"நேர்ல பாத்துருக்கியா?"

"இல்ல அண்ணாச்சி."

"போன்ல பேசுவாளா?"

"எழுதுவா. ஆப்ல."

"பேராவது தெரியுமா?"

"ஒரு பேரு இருக்கு. நெசப் பேரான்னு கேக்கல."

"சண்ட போட்டாளா?"

"இல்ல."

"வேண்டாம்னு சொல்லிட்டாளா?"

"அதுவும் சொல்லல."

"பெறகு என்னதாம்லே நடந்துச்சு?" என்று கத்தியேவிட்டேன்.

"அதத்தான நானும் சொல்லுதேன். ஒண்ணும் நடக்கல. பதினோரு நாளாச்சு, ஒண்ணுமே நடக்கல" என்றான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

தம்பிகளா, எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடித்தால் வலிக்கும், ஏசினால் வலிக்கும். ஒன்றும் நடக்காமல் இருந்தால் எப்படி வலிக்கும்? அவனே மெல்ல மெல்லச் சொன்னான். ஜோடி தேடுகிற அந்த ஆப்பில் நம் படத்தைப் போட்டால் யாருக்காவது பிடித்திருந்தால் ஒரு இதயப் படம் வருமாம். ஏழு வீட்டில் காப்பி கிடைக்காதவனுக்கு முதல் நாளே நாலு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். தரையில் கால் பாவவில்லை என்றான். வேலை என்ற இடத்தில் 'கெமிக்கல் லைன்' என்று போட்டிருக்கிறான். நாலு பேரில் மூன்று பேர் இரண்டு நாள் பேசிவிட்டுக் காணாமல் போய்விட்டார்கள். ஏன் என்று சொல்லவில்லை. இந்த மதுரைப் பிள்ளை மட்டும் இரண்டு மாசம் பேசியிருக்கிறது. இப்போது அதுவும் பதினோரு நாளாகப் பதில் போடவில்லை.

"நான் எழுதுனத எல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்கேன் அண்ணாச்சி. எந்த வார்த்தை தப்பாப் போச்சுன்னு தேடுறேன். எதச் சொன்னேன்னு தெரிஞ்சாலாவது இனிமே அதச் சொல்லாம இருக்கலாம்ல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தக் கருமத்த அழிச்சுப் போடுலே" என்றேன். முப்பது வருஷ அனுபவத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு மாசத்துக்குக் கலவை ரூம் பக்கமே வராதே என்றும் சொன்னேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாம் அண்ணாச்சி. மருந்து கையில இருக்கையில மட்டுந்தான் எனக்கு அந்த நெனப்பு வராது. அங்கன இருந்தும் வெளிய அனுப்பிட்டா நான் எங்க போவேன்? பெட்டி ஒட்டுற எடத்துல உக்காந்தா நாள் பூராவும் அதேதான் ஓடுது."

இங்கேதான் எனக்குக் குழப்பம் உச்சிக்கு ஏறியது. உங்களைக் கேட்கிறேன், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவன் சொல்வது உண்மையென்றால் அவனைக் கலவையிலிருந்து எடுப்பது அவனைக் கெடுக்கிற காரியம். பொய்யென்றால் அவனை அங்கே விடுவது அவனையும் பக்கத்தில் நிற்கிறவரையும் சேர்த்துக் கொல்கிற காரியம். குடிகாரனும் "உள்ள போனா சரியாயிருவேன்" என்றுதானே சொல்லுவான்? ஒரு மாசத் தடையைத் தூக்கினேன். ஆனால் தினமும் ரெண்டு தடவை மூஞ்சி பார்ப்பேன் என்று சொன்னேன். அது சரியா தப்பா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

அதோடு விட்டிருந்தால் நான் மரியாதையாக ஓய்வு பெற்றிருப்பேன். எனக்கு அந்த முகத்தைப் படிக்க முடியவில்லையே என்று ரோஷம். அது என்ன ஆப், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். மாரியிடமே போனைக் கொடுத்து அதை ஏற்றித் தரச் சொன்னேன். வேலைக்காகத்தான் என்றேன். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. சம்சாரம் தவறி மூன்று வருஷம். மகள் கோயம்புத்தூரில். எதுக்காக ஏற்றினேன் என்று இப்போது என்னை நானே கேட்டால், 'வேலைக்காக' என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை.

மாரி ரொம்ப நாளைக்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். வயதை ஐம்பத்தொன்று என்று போட்டான். நான் மறுக்கவில்லை. படம் கேட்டான். மகள் கல்யாணத்தில் எடுத்த ஒன்றுதான் நல்லதாக இருந்தது.

"அண்ணாச்சி, ஓரத்துல மதினி தோள் தெரியுதே. வெட்டிரவா?"

"வெட்டு" என்றேன்.

பத்து நாளில் ஒரு அம்மா எழுத ஆரம்பித்தார். ராஜபாளையம் பக்கம், பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர், கணவர் இல்லை. அப்படித்தான் சொல்லியிருந்தார். தினமும் மத்தியானம் ஒரு வரி வரும். "சாப்டீங்களா?" அவ்வளவுதான். மூன்று வருஷமாக என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. மகள் கேட்பாள், அது ஞாயிற்றுக்கிழமை. தினமும் ஒரு ஆள் கேட்கிறது வேறு. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் போய் மரப்பெட்டியில் என் அறையைத் திறந்து போனைப் பார்ப்பேன். 'சாப்பிட்டேன், நீங்கள்?' என்று எழுதிவிட்டு உள்ளே வந்தால் சாயங்காலம் வரை அலுப்பே தெரியாது. பெட்டி ஒட்டுகிற பகுதியைப் பார்த்துக்கொள்கிற பேச்சியம்மாக்கா, "என்ன அண்ணாச்சி, மூஞ்சி பளபளங்குது, மகளுக்குப் பேறுகாலமா?" என்று கேட்டார். அசடு வழிந்தேன்.

ஒரு நாள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பட்டாசு ஆலையில் போர்மேன் என்று எழுதினேன். அதோடு, ஒரு நாள் போனில் பேசலாமா என்றும் கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

நான் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். பட்டாசு என்றதா தப்பு? பேசலாமா என்றதா தப்பு? வயதைக் குறைத்தது தெரிந்துவிட்டதா? அவருக்கு ஏதும் உடம்புக்கு முடியவில்லையா? கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? என்னை என்ன செய்துவிட்டார் அவர்? ஒன்றுமே செய்யவில்லை. பேச்சியம்மாக்கா மறுபடியும் கேட்டார், "என்ன நடந்துச்சு, இப்படி வாடிப் போய்க் கெடக்கீக?" என் வாயிலிருந்து வந்த பதில், "ஒண்ணும் நடக்கலக்கா." சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று உறைத்தது.

தீபாவளிக்கு முந்திய நெருக்கடி. ஆர்டர் தலைக்கு மேல். அந்த அம்மாவிடமிருந்து பதில் வராத எட்டாவதோ ஒன்பதாவதோ நாள் காலையில் கேட்டில் நின்றேன். ஆட்கள் போனைப் போட்டார்கள், போனார்கள். யார் முகமும் என் கண்ணில் படவில்லை. பெட்டியைப் பூட்டினேன். கலவை ரூமுக்குப் போனேன். மாரியும் இன்னொருவரும் மருந்தைக் கையில் எடுத்திருந்த நேரம். நான் உள்ளே ரெண்டு எட்டு வைத்திருப்பேன்.

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

இத்தனை வருஷமாக எல்லாரிடமும் போனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்ட போர்மேன், அதையே பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கு நடுவில் நிற்கிறேன். போன் அதிர்ந்தால் மருந்தில் தீப் பிடிக்குமா, பிடிக்காதா என்று படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். அங்கே நிற்கிறவனுக்கு அது பேச்சில்லை, நாலு பக்கமும் எமன்.

இப்போது சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கத்தைவிட்டு உங்களிடம் சொல்கிறேன். பையில் அதிர்ந்ததும் என் மனசில் முதலில் ஓடியது பயம் இல்லை. 'பதில் போட்டுவிட்டார்' என்பதுதான். என் கை பையை நோக்கிப் போகவும் செய்தது. நான் நிற்கிற இடம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. பாதி வழியில் கையை நிறுத்தினேன். மறுபடியும் அதிர்ந்தது. மாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஓடத்தான் தோன்றும். ஓடினால் அவர்களும் பதறுவார்கள், கையில் இருக்கிறது கீழே விழும். குரலை உயர்த்தாமல், "மாரி, கையில உள்ளத மெதுவா அப்படியே வைங்க. ரெண்டு பேரும் அந்தப் பக்க வாசல் வழியா வெளிய போங்க. ஓடாதீக" என்றேன். அவர்கள் போகிற வரை நான் அசையவில்லை. பிறகு வந்த வழியே பின்னால் எட்டு வைத்து, வெளியே வந்து, கேட்டைத் தாண்டி, வேப்பமரம் வரை நடந்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மா இல்லை. ஆப்தான் தானாக அனுப்பியிருந்தது. உங்கள் அருகில் புதிய முகங்கள் இருக்கின்றன, வந்து பாருங்கள் என்று.

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஒண்ணும் நடக்கலைல்ல அண்ணாச்சி, விடுங்க. சீசன் நேரம்" என்றார். நான் விடவில்லை. என் பேரைப் போட்டு, என் தப்பு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வந்தேன். எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்க எனக்குக் கூசியது, ஓரமாக ஒதுங்கினேன். மாரி தன் போனைப் பெட்டியில் போட்டான். உள்ளே போகாமல் என் பக்கம் வந்து கையை நீட்டினான். என் போனைக் கொடுத்தேன். அதையும் போட்டுவிட்டு, நிதானமாக என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷமும் நான் பார்த்துத்தான் பழக்கம். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பெட்டி ஒட்டப் போங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வினாடிதான். வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியாதா? எதிர்த்துப் பேசக் கூடாது. போனேன். அன்று கலவை வேலையைப் பார்க்க இன்னொரு போர்மேனைப் போட்டார்கள். அன்றிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் காலையில் மாரி என் மூஞ்சியைப் பார்த்த பிறகுதான் நான் மற்றவர்கள் மூஞ்சியைப் பார்த்தேன். நீங்களும் உங்களுக்கு ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது.

மாரி அந்த ஆப்பை அழித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. கொஞ்ச நாள் எடுப்பான், மறுபடியும் போடுவான். 'கெமிக்கல் லைன்' என்பதை மாற்றி, பட்டாசு மருந்து கலக்குகிறேன் என்று இப்போது போட்டிருக்கிறான். இதயம் குறைவாகத்தான் வருகிறதாம். நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அதில் கிடைத்த சந்தோஷமும் பொய் இல்லை, பட்ட பாடும் பொய் இல்லை. உங்கள் ஆட்களில் ஒருத்தர் மூஞ்சி செத்துப்போய் வந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால், பொய் சொல்லாதே என்று என்னைப் போலக் கத்தாதீர்கள். நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

பெட்டி ஒட்டப் போன அன்றைக்கு நான் ஒட்டிய பெட்டி ஒவ்வொன்றும் கோணல். "இத வாங்குறவன் மத்தாப்ப எந்தப் பக்கமா எடுப்பான்?" என்று பேச்சியம்மாக்கா எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். மத்தியானம் மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். கேட்டுக்குப் போய்ப் போனைப் பார்க்கலாமா என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது. போகாமல், ஒட்டாத அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாரி கையில் தூக்குவாளியோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணும் நடக்கலலே."

தலையை ஆட்டிக்கொண்டான். தூக்குவாளியைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினான்.

"சாப்பிட்டீகளா?" என்றான்.